குடியை நிறுத்த நினைப்பவர்களுக்கு: துணைக்குழுக் கூட்டத்தைத் தேடிப் போவது எப்படி?

இந்தக் கையேட்டின் மற்றப் பகுதிகள் காணி, வீடு, குடிநீர், பாடசாலை அனுமதி ஆகியவற்றைப் பற்றியவை. இந்தப் பகுதி குடியைப் பற்றியது. வீட்டுத் திட்டக் கையேட்டில் இது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம்.

காரணம் எளிமையானது. வீடு கட்டுவதற்கான காசு அத்திவாரம், சுவர், கூரை என்று கட்டம் கட்டமாக வருகிறது. ஒரு கட்டம் முடிந்தால்தான் அடுத்த தவணை கிடைக்கும். அத்திவாரக் காசில் ஒரு பங்கு போத்தலுக்குப் போய்விட்டால் சுவர் எழும்பாது. சுவர் எழும்பாவிட்டால் கூரைக்கான காசு வராது. அந்தக் குடும்பம் இன்னொரு மழைக்காலத்தையும் தகரக் கொட்டிலுக்குள் கழிக்க வேண்டியதுதான். குடிப்பவர் ஒருவர், நனைவது எல்லோரும்.

வஹகோட்டையிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் புதிதாகக் குடியேறும் குடும்பங்களில் சிலர் மண்சரிவு அபாயத்தால் லயன் அறைகளை விட்டு வந்தவர்கள். சிலர் வேலை தேடி வந்தவர்கள். இடம் மாறினால் குடியும் மாறிவிடும் என்ற நம்பிக்கையோடு வந்தவர்களும் இருக்கிறார்கள். சில கிழமைகளுக்கு அப்படி மாறியும் இருக்கும். பிறகு வேலையில்லாத நாட்கள் வரும். பழகிய அயல் இல்லாத தனிமை, இரவில் மழை பெய்தால் வரும் பயம், கையில் ஒரேயடியாக வந்து சேரும் காசு, இவை எல்லாமாகச் சேர்ந்து பழைய பழக்கத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிடும். இது மனம் கெட்டவர்களுக்கு மட்டும் நடப்பதில்லை. குடிக்கு அடிமையாவதை உலக சுகாதார நிறுவனம் நோய்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. நோய்க்கு வெட்கத்தை விட உதவிதான் தேவை.

அந்த உதவிகளில் ஒன்று துணைக்குழுக் கூட்டம். அது என்ன, அதில் என்ன நடக்கும், வஹகோட்டையில் இருந்துகொண்டு அதை எப்படித் தேடுவது, அருகில் கூட்டமே இல்லையென்றால் என்ன செய்வது என்பவற்றைக் கீழே விளக்குகிறோம்.

எனக்கு இது தேவையா?

வைத்தியர்கள் நீண்ட காலமாகப் பயன்படுத்திவரும் நான்கு கேள்விகள் உள்ளன. உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள். பதிலை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

1. குடியைக் குறைக்க வேண்டும் என்று எப்போதாவது நினைத்திருக்கிறீர்களா?
2. உங்கள் குடியைப் பற்றி மற்றவர்கள் சொல்வது உங்களுக்கு எரிச்சலூட்டி இருக்கிறதா?
3. குடித்ததற்காகக் குற்ற உணர்வு வந்திருக்கிறதா?
4. கை நடுக்கத்தை நிறுத்த அல்லது உடம்பைத் தேற்றக் காலையிலேயே குடித்திருக்கிறீர்களா?

இரண்டு கேள்விகளுக்கு "ஆம்" என்றால் ஒரு வைத்தியரிடமோ உளவளத்துணை உத்தியோகத்தரிடமோ பேசுவது நல்லது. நான்காவது கேள்விக்கு "ஆம்" என்றால் அடுத்த பகுதியைக் கட்டாயம் வாசியுங்கள்.

முதலில் ஓர் எச்சரிக்கை: ஒரேயடியாக நிறுத்துவதற்கு முன்

"நாளையில் இருந்து தொடமாட்டேன்" என்று சத்தியம் செய்து, அறைக்குள் படுத்துச் சமாளிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். தினமும் நிறையக் குடித்தவருக்கு இது ஆபத்தாகலாம். கடைசியாகக் குடித்த சில மணித்தியாலங்களில் கை நடுக்கம், வியர்வை, வாந்தி, தூக்கமின்மை தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம், மூன்றாம், நான்காம் நாட்களில் சிலருக்குப் புத்தி தடுமாறும், இல்லாத உருவங்கள் தெரியும், காய்ச்சல் ஏறும். இந்த நிலை உயிரைப் பறிக்கக்கூடியது. பேய் பிடித்திருக்கிறது என்று எண்ணிக் கட்டிவைத்து நேரத்தைக் கடத்த வேண்டாம். உடனே 1990 இலக்கத்தை அழைத்து அம்புலன்சைக் கேளுங்கள்.

ஆகவே, காலையில் குடிக்காவிட்டால் கை நடுங்குபவரும், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவரும் முதலில் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அரசாங்க வைத்தியசாலையில் இதற்குக் கட்டணமில்லை. சில நாட்கள் மருந்து கொடுத்து, விற்றமின் கொடுத்து, பாதுகாப்பாக நிறுத்த வைப்பார்கள். எவ்வளவு குடிக்கிறீர்கள், சாராயமா கசிப்பா, கடைசியாக எப்போது குடித்தீர்கள் என்பவற்றை மறைக்காமல் சொல்லுங்கள். குறைத்துச் சொன்னால் மருந்தின் அளவும் பிழைத்துப்போகும்.

இன்னொன்று. குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கச் சொல்லி விற்கப்படும் "குடி மறக்கும் மருந்து"களை வாங்க வேண்டாம். மதுவோடு சேர்ந்தால் உடம்பில் கடும் எதிர்விளைவை உண்டாக்கும் மருந்துகள் உள்ளன. வைத்தியர் அவற்றை நோயாளியின் சம்மதத்தோடு, சோதித்துப் பார்த்தே கொடுப்பார். தெரியாமல் கலந்து கொடுத்தால், அவர் குடித்தவுடன் இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து வரலாம்.

வைத்தியசாலை உடம்பை மதுவில் இருந்து விடுவிக்கும். அதற்கு ஒரு கிழமை போதுமாக இருக்கலாம். ஆனால் வீட்டுக்குத் திரும்பிய பிறகு வரும் ஒவ்வொரு மாலையும் இருக்கிறதே, அதற்குத்தான் கூட்டம்.

இரண்டு பேர் பேசியதில் தொடங்கியது

துணைக்குழு என்பது குடியை நிறுத்தியவர்களும் நிறுத்த விரும்புகிறவர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசும் கூட்டம். அங்கே வைத்தியர் இல்லை, போதகர் இல்லை, அதிகாரி இல்லை. பேசுகிறவரும் குடித்தவர், கேட்கிறவரும் குடித்தவர்.

உலகில் மிகவும் பரவியிருக்கும் இத்தகைய அமைப்பு ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். சுருக்கமாக ஏ.ஏ. என்பார்கள். 1935ஆம் ஆண்டு மே மாதம், பில் வில்சன் என்ற அமெரிக்கர் வியாபார விடயமாக ஆக்ரன் என்ற நகரத்துக்குப் போயிருந்தார். அவர் குடியை நிறுத்திச் சில மாதங்களே ஆகியிருந்தன. போன காரியம் தோல்வியில் முடிந்தது. தங்கியிருந்த ஹோட்டலில் மதுக்கூடத்தின் சத்தம் கேட்டது. உள்ளே போய்விடுவோமோ என்று பயந்த அவர், தொலைபேசியை எடுத்து, தன்னைப் போலக் குடியோடு போராடும் இன்னொருவரைத் தேடினார். அப்படிக் கிடைத்தவர் பொப் ஸ்மித் என்ற அறுவைச் சிகிச்சை வைத்தியர். கால் மணித்தியாலம் பேசலாம் என்று ஒப்புக்கொண்டவர் பல மணித்தியாலம் பேசிக்கொண்டிருந்தார். புத்தி சொல்லாமல் தன் கதையைச் சொன்ன ஒருவரை அவர் அப்போதுதான் சந்தித்தார்.

அந்தச் சந்திப்பின் பிறகும் வைத்தியர் பொப் ஒரு முறை குடித்துவிட்டார். ஒரு மாநாட்டுக்குப் போன இடத்தில் பழைய பழக்கம் அவரை வென்றது. திரும்பி வந்து மீண்டும் தொடங்கினார். அவர் கடைசியாகக் குடித்த 1935 யூன் 10ஆம் திகதியையே அந்த அமைப்பு தன் பிறந்த நாளாகக் கொள்கிறது. ஒரு முறை சறுக்கியவரின் இரண்டாவது முயற்சியில் இருந்துதான் இந்த அமைப்பு தொடங்குகிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இது வேலை செய்யுமா?

நியாயமான கேள்வி. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு, 2020ஆம் ஆண்டில் 10,565 பேர் பங்குபற்றிய 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. ஏ.ஏ. கூட்டங்களுக்குப் போகும்படி முறையாக வழிகாட்டப்பட்டவர்களில் தொடர்ந்து குடிக்காமல் இருந்தவர்களின் பங்கு, வேறு உளவியல் சிகிச்சைகளை மட்டும் பெற்றவர்களை விட அதிகமாக இருந்தது என்பது அதன் முடிவு. எல்லோருக்கும் பலித்தது என்று அது சொல்லவில்லை. ஆனால் காசில்லாமல், மருந்தில்லாமல், ஒரு கதிரையும் பிளேன்டீயும் மட்டும் தேவைப்படும் ஒரு வழிக்கு இது பெரிய பலன்.

கூட்டத்தில் என்ன நடக்கும்?

முதல் தடவை போவதற்குப் பயப்படுவது வழக்கம். என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் பயம் குறையும்.

கூட்டம் பெரும்பாலும் ஒரு மணித்தியாலம், சில இடங்களில் ஒன்றரை மணித்தியாலம் நடக்கும். ஒரு மண்டபம், பாடசாலை அறை, வைத்தியசாலையின் ஓர் அறை அல்லது வழிபாட்டுத் தலத்தோடு சேர்ந்த கட்டடம் என்று எங்கும் நடக்கலாம். ஒருவர் கூட்டத்தைத் தொடக்கிவைப்பார். சிறு வாசிப்பு இருக்கும். பிறகு ஒவ்வொருவராகத் தன் அனுபவத்தைச் சொல்வார்கள்: எப்படிக் குடித்தேன், என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறேன். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவதில்லை. "நீ இப்படிச் செய்திருக்க வேண்டும்" என்று யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை.

நீங்கள் பேச வேண்டியதில்லை. உங்கள் முறை வரும்போது "இன்றைக்குக் கேட்க வந்தேன்" என்று சொன்னால் போதும். முழுப்பெயர் சொல்ல வேண்டியதில்லை. அடையாள அட்டை, கையொப்பம், படிவம் எதுவும் கேட்கமாட்டார்கள். கட்டணம் இல்லை. முடிவில் தேநீர்ச் செலவுக்காக ஒரு தட்டு சுற்றி வரலாம். புதியவர் காசு போட வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

ஏ.ஏ. அமைப்பில் சேர ஒரே ஒரு நிபந்தனைதான்: குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். நிறுத்திவிட்டுத்தான் வர வேண்டும் என்பதில்லை. சாதி, மதம், மொழி, தொழில் எதுவும் கேட்கப்படுவதில்லை. அவர்களது பன்னிரண்டு படிகளில் "கடவுள்" என்ற சொல் வருகிறது. அதைப் பார்த்து, இது ஏதோ மதக் கூட்டம் என்று சிலர் திரும்பிவிடுகிறார்கள். எந்தக் கடவுள் என்று யாரும் சொல்லித் தரமாட்டார்கள். கோயிலுக்குப் போகிறவரும், பள்ளிவாசலுக்குப் போகிறவரும், தேவாலயத்துக்குப் போகிறவரும், விகாரைக்குப் போகிறவரும், எங்கும் போகாதவரும் ஒரே வட்டத்தில் உட்காரலாம்.

சில கூட்டங்கள் "திறந்த கூட்டங்கள்". குடும்பத்தவரும் வந்து கேட்கலாம். மற்றவை "மூடிய கூட்டங்கள்". குடிப் பிரச்சினை உள்ளவர்கள் மட்டும் வரலாம். போவதற்கு முன் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வஹகோட்டையில் இருந்து தேடுவது எப்படி?

ஏ.ஏ. இலங்கையிலும் இயங்குகிறது. ஆனால் கூட்டங்கள் நடக்கும் இடமும் நேரமும் மாறக்கூடியவை. இன்றைக்கு அச்சடிக்கும் விலாசம் நாளைக்குப் பொய்த்துப்போகலாம். அதனால் விலாசத்துக்குப் பதிலாக, விசாரிக்கும் வழியை இங்கே தருகிறோம்.

தொலைபேசியில் கேளுங்கள். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் ஆலோசனை இலக்கம் 1927. தேசிய மனநல உதவி இலக்கம் 1926. பேசத் தொடங்கும்போதே "தமிழில் பேச வேண்டும்" என்று சொல்லுங்கள். பிறகு இப்படிக் கேட்கலாம்: "நான் மாத்தளை மாவட்டத்தில் இருக்கிறேன். குடியை நிறுத்த வேண்டும். எனக்குப் பக்கத்தில் துணைக்குழுக் கூட்டமோ கிளினிக்கோ எங்கே நடக்கிறது?" பெயரைக் கேட்டால் முதற்பெயரை மட்டும் சொல்லலாம்.

வைத்தியசாலையில் கேளுங்கள். மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலக் கிளினிக்கில் விசாரியுங்கள். கலேவெல, தம்புள்ளை வைத்தியசாலைகள் உங்களுக்கு அருகில் என்றால் அங்குள்ள வைத்தியரிடம் மனநலப் பிரிவுக்கான கடிதம் கேட்கலாம். கிளினிக் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். ஒரு நாள் சம்பளத்தை விட்டுப் போய், கிளினிக் இல்லை என்று திரும்பினால் மறுபடி போக மனம் வராது.

பிரதேச செயலகத்தில் கேளுங்கள். உளவளத்துணைக்கென உத்தியோகத்தர்கள் பிரதேச செயலகங்களில் பணியாற்றுகிறார்கள். வீட்டுத் திட்ட வேலையாகப் போகும் நாளிலேயே இதையும் கேட்டுவிடலாம். உங்கள் பகுதிக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடமும் கேட்கலாம். அவருக்கு வைத்தியசாலைத் தொடர்புகள் தெரிந்திருக்கும்.

கொழும்புக்குப் போகும் தேவை இருந்தால், சுமித்ரயோ அமைப்பின் மெல் மெதுர நிலையம் குடி, போதைப் பழக்கம் உள்ளவர்களுக்கும் அவர்களது குடும்பத்தவருக்கும் இலவசமாக ஆலோசனை தருகிறது.

கைத்தொலைபேசியிலும் கூட்டங்கள் நடக்கின்றன. தமிழ்நாட்டில் தமிழிலேயே கூடும் ஏ.ஏ. குழுக்கள் பல உள்ளன. பஸ் காசுக்கும் நேரத்துக்கும் வழியில்லாதவருக்கு இணையவழிக் கூட்டம் உதவும். கமராவை அணைத்துவிட்டுக் கேட்கலாம். ஆனால் முடிந்தபோதெல்லாம் நேரில் போங்கள். கூட்டம் முடிந்து வெளியே நின்று பேசும் பத்து நிமிடம் தொலைபேசியில் கிடைக்காது.

சிங்களத்தில் நடந்தால்?

வஹகோட்டைப் பகுதியில் பெரும்பாலானோர் சிங்களம் பேசுகிறவர்கள். உங்களுக்குக் கிடைக்கும் முதல் கூட்டம் சிங்களத்தில் நடக்கலாம். கடைச் சிங்களம், பஸ் சிங்களம் தெரிந்தவருக்கும் மனசுக்குள் இருப்பதைச் சிங்களத்தில் சொல்வது கஷ்டம்தான்.

இருந்தாலும் ஒரு முறை போய்ப் பாருங்கள். முன்கூட்டியே ஏற்பாட்டாளரிடம் சொன்னால், தமிழ் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் இருத்த முடியும். உங்கள் முறை வரும்போது தமிழில் பேசலாமா என்றும் கேளுங்கள். ஒரு வீட்டில் சம்பள நாளில் நடக்கும் சண்டை எல்லா மொழியிலும் ஒன்றுதான். கேட்பவர்களுக்குப் பாதி புரிந்துவிடும். மொழிபெயர்க்க உங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். தகப்பனின் குடிக்கதையைப் பிள்ளையின் வாயால் சொல்ல வைப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் கொடுமை.

யாராவது பார்த்துவிட்டால்?

பலரையும் தடுப்பது இந்தக் கேள்விதான். குடித்துவிட்டு ரோட்டில் விழுந்ததை ஊரே பார்த்திருக்கும். ஆனால் கூட்டத்துக்குப் போவதை ஒருவர் பார்த்துவிடுவாரோ என்று வெட்கமாக இருக்கும். புதிய ஊர், புதிய அயல் என்றால் அந்த வெட்கம் இன்னும் கூடும்.

அனானிமஸ் என்ற சொல்லுக்குப் பெயர் வெளியிடாதவர் என்று பொருள். யார் வந்தார், என்ன சொன்னார் என்பதை வெளியே பேசக்கூடாது என்பது இந்தக் கூட்டங்களின் முதல் ஒழுங்கு. அங்கே உங்களைப் பார்ப்பவரும் அதே காரணத்துக்காக வந்தவர்தான். மனம் ஒப்பவில்லையென்றால் பக்கத்து நகரத்தில் நடக்கும் கூட்டத்துக்குப் போகலாம்.

எங்கள் தரப்பில் இருந்தும் ஓர் உறுதி. கூட்டத்துக்குப் போவது உங்கள் வீட்டுத் தவணையையோ வேறு உதவியையோ எந்த வகையிலும் பாதிக்காது. யார் போகிறார்கள் என்ற பட்டியலை நாங்கள் வைத்திருப்பதில்லை, கேட்பதுமில்லை. எங்கள் வெளிக்கள உத்தியோகத்தரிடம் நீங்கள் சொல்லும் விடயம் உங்கள் வீட்டுக் கோப்பில் எழுதப்படாது.

போவதற்கு ஒரு சிறிய திட்டம்

• எந்த நேரம் குடிக்கத் தோன்றுகிறதோ அந்த நேரத்துக் கூட்டத்தைத் தெரிவு செய்யுங்கள். மாலை நேரம் பலருக்குக் கடினமானது.
• கூட்டத்துக்கு முன்னும் பின்னும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். போக வரக் காசை மட்டும் கையில் எடுங்கள்.
• தவறணை இருக்கும் பாதையைத் தவிர்த்து இறங்கும் இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.
• சம்பள நாள், அட்வான்ஸ் நாள், வீட்டுத் தவணை வரும் நாள், தீபாவளி, தைப்பொங்கல், அந்தோனியார் திருவிழாக் காலம் ஆகியவை ஆபத்தான நாட்கள். அந்த நாட்களில் யாரோடு இருப்பீர்கள் என்று முன்பே முடிவு செய்யுங்கள். போயா தினத்தில் மதுக்கடை பூட்டியிருக்கும் என்பதால் முதல் நாளே வாங்கி வைக்கும் பழக்கம் உள்ளவர்கள், போயாவுக்கு முதல் நாளையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.
• தவணைக் காசு வங்கிக்கு வரும்போது, மனைவியோடு அல்லது நம்பிக்கையான ஒருவரோடு சேர்ந்து போய், அன்றே சீமெந்து, கம்பி, கல் என்று பொருளாக மாற்றிவிடுங்கள்.
• முதல் கூட்டம் பிடிக்காமல் போகலாம். குறைந்தது நான்கைந்து கூட்டங்களுக்குப் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஒரு குழு ஒத்துவராவிட்டால் இன்னொன்றைப் பாருங்கள்.
• ஒருவரின் தொலைபேசி இலக்கத்தையாவது வாங்கிக்கொண்டு வாருங்கள். குடிக்கத் தோன்றும்போது, குடிப்பதற்கு முன் அந்த இலக்கத்தை அழையுங்கள். குடித்த பிறகு அழைப்பது சுலபம். முன்பு அழைப்பதற்குத்தான் பழக வேண்டும்.

இந்தக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு "இன்று ஒரு நாள்" என்பது. வாழ்நாள் முழுக்கக் குடிக்கமாட்டேன் என்று சபதம் எடுக்கச் சொல்வதில்லை. இன்று படுக்கப் போகும்வரை குடிக்காமல் இருந்தால் போதும். நாளைய கதையை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

அருகில் கூட்டமே இல்லையென்றால்

இந்தப் பகுதியில் வசிப்பவர்களுக்கு இதுவே பெரிய சிக்கல். ஆனால் மேலே சொன்ன கதையை நினைத்துப் பாருங்கள். ஆக்ரனில் முதல் நாள் இருந்தது இரண்டு பேர்தான். அங்கும் மண்டபம் இல்லை, பெயர்ப்பலகை இல்லை.

கிராமத்திலேயே இதைச் செய்ய முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டில் ஓர் உதாரணம் உண்டு. குடிநோய்க்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980ஆம் ஆண்டில் சென்னையில் டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அமைப்பைத் தொடங்கினார். நகரத்து மருத்துவமனைக்கு வர முடியாத கூலித் தொழிலாளிகளுக்காக அந்த அமைப்பு கிராமத்துக்கே போனது. திருவாரூர் பக்கத்து மஞ்சக்குடியில், ஊரிலேயே முகாம் போட்டுச் சிகிச்சை கொடுத்தார்கள். ஊர்க்காரர்கள் இடமும் உதவியும் தந்தார்கள். முகாம் முடிந்த பிறகும் தொடர்ந்து வந்து பார்த்தார்கள். குடிநோயாளி வாழும் ஊரே அவரது குணப்படுதலில் பங்கெடுக்கலாம் என்பதை அது காட்டியது.

உங்கள் குடியிருப்பில் குடியை நிறுத்த விரும்பும் இன்னொருவர் இருந்தால், நீங்கள் இருவருமே தொடங்கலாம்.

• கிழமைக்கு ஒரு நாள், ஒரே நேரம், ஒரே இடம் என்று முடிவு செய்யுங்கள். ஒருவர் மட்டும் வந்தாலும் அந்த ஒரு மணித்தியாலம் அங்கே இருங்கள்.
• ஒருவரது வீட்டை விடப் பொதுவான இடம் நல்லது. முன்பள்ளிக் கட்டடம், சனசமூக நிலையம், கோயில் அல்லது தேவாலயத்தின் ஓர் அறை ஆகியவற்றைக் கேட்டுப் பார்க்கலாம்.
• வெறியோடு வருபவரைத் திட்டித் துரத்த வேண்டாம். அமைதியாக இருந்து கேட்கச் சொல்லுங்கள். சத்தம் போட்டால் ஒருவர் அவரை வீட்டில் கொண்டுபோய் விடட்டும்.
• கூட்டத்தில் கடன் கேட்பது, கடன் கொடுப்பது, சீட்டுப் பிடிப்பது, அரசியல் பேசுவது வேண்டாம். குழுக்கள் பல உடைவது இவற்றால்தான்.
• ஒருவரைத் தலைவராக்க வேண்டாம். கூட்டத்தைத் தொடக்கிவைக்கும் வேலை மாறி மாறி வரட்டும்.
• வைத்தியர் தந்த மருந்தை நிறுத்தும்படி யாரும் யாருக்கும் சொல்லக்கூடாது.

மனநலக் கிளினிக்கின் வைத்தியருக்கோ பிரதேச செயலகத்தின் உளவளத்துணை உத்தியோகத்தருக்கோ இப்படி ஒரு குழு தொடங்கியிருக்கிறது என்று தெரிவியுங்கள். வலிப்பு, தற்கொலை எண்ணம் போன்ற சிக்கல் வந்தால் யாரிடம் போவது என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

பெண்களும் குடிக்கிறார்கள். அதை வெளியே சொல்ல அவர்களுக்கு இடமே இல்லை. ஆண்கள் மட்டும் இருக்கும் வட்டத்தில் பேசத் தயங்கும் பெண், முதலில் 1926இல் பேசலாம் அல்லது குடும்பநல உத்தியோகத்தரிடம் தனியாகச் சொல்லலாம். இரண்டு பெண்கள் சேர்ந்தாலும் அது ஒரு குழுதான்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

குடிப்பவரின் மனைவி, தாய், பிள்ளைகளுக்கென 1951ஆம் ஆண்டில் அல்-அனன் என்ற தனி அமைப்பு தொடங்கப்பட்டது. இன்று பல நாடுகளில் அதன் கூட்டங்கள் நடக்கின்றன. அங்கே குடும்பத்தவருக்குச் சொல்லப்படும் முக்கியமான விடயம் இது: அவரது குடிக்கு நீங்கள் காரணம் இல்லை, உங்களால் அதை அடக்கவும் முடியாது. "நல்லபடியாகச் சமைத்திருந்தால் குடித்திருக்கமாட்டார்", "கட்டிவைத்தால் திருந்திவிடும்" என்று ஊர் சொல்வதை நம்பி உங்களை வருத்திக்கொள்ள வேண்டாம்.

செய்யக்கூடியவை சில உள்ளன. வெறியில் இருக்கும்போது வாக்குவாதப்பட வேண்டாம். மறுநாள் காலையில், தெளிவாக இருக்கும்போது பேசுங்கள். அவரது கடனை இரகசியமாக அடைப்பதையும், வேலைக்குப் போகாததற்குப் பொய்க் காரணம் சொல்வதையும் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்துங்கள். கூட்டத்துக்குப் போய் வந்தால் "என்ன பேசினீங்க?" என்று துருவிக் கேட்க வேண்டாம். "சாப்பாடு இருக்கு, வாங்க" என்பது போதும்.

அடியும் மிரட்டலும் வேறு விடயம். குடித்திருந்தார் என்பது அதற்குச் சாட்டு ஆகாது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் 1929. அவர் கூட்டத்துக்குப் போகத் தொடங்கிவிட்டார் என்பதற்காக அடியைப் பொறுத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

மறுபடியும் குடித்துவிட்டால்

மூன்று மாதம் குடிக்காமல் இருந்தவர் ஒரு சாவு வீட்டில் ஒரு கிளாஸ் எடுத்துவிடுவார். அடுத்த நாள் வெட்கம் வரும். "எல்லாம் போச்சு, இனி அந்தப் பக்கம் முகம் காட்ட முடியாது" என்று தோன்றும். அந்த வெட்கத்திலேயே இரண்டாவது கிளாசும் போகும். முதல் கிளாசை விட அந்த வெட்கம்தான் அதிகம் கெடுக்கிறது.

அன்றைக்கே போங்கள். வைத்தியர் பொப்பும் இப்படித்தான் திரும்பி வந்தார். கூட்டத்தில் இருப்பவர்களில் பலர் இதே கதையைச் சொல்வார்கள். மூன்று மாதம் வீணாகவில்லை. அந்த மூன்று மாதத்தில் கட்டிய சுவர் அங்கேதான் நிற்கிறது.

ஒன்றில் மட்டும் கவனம். சில காலம் நிறுத்தியிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. முன்பு குடித்த அளவை ஒரேயடியாகக் குடித்தால் உயிராபத்து வரலாம். பல நாள் தொடர்ந்து குடித்துவிட்டு மீண்டும் நிறுத்துவதானால், முன்பு சொன்னபடி முதலில் வைத்தியசாலைக்குப் போங்கள். வாழ்க்கையே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் தனியாக இருக்க வேண்டாம். 1926ஐ அழையுங்கள், அல்லது பக்கத்து வீட்டாரிடம் சொல்லி அவரோடு இருங்கள்.

இந்தப் பக்கத்தை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்

• குடி, போதைப் பழக்கம் பற்றிய ஆலோசனை: 1927
• மனநல உதவி: 1926
• அவசர அம்புலன்ஸ்: 1990
• பெண்களுக்கான உதவி: 1938
• சிறுவர் பாதுகாப்பு: 1929
• குடிக்கத் தோன்றும்போது நான் அழைக்கும் நபரின் இலக்கம்: ……………………

கடைசி வரி வெறுமையாக இருக்கிறது. அதை நிரப்புவதுதான் இந்தப் பகுதியை வாசித்தவர் செய்ய வேண்டிய முதல் வேலை. உங்களுக்கு யாரும் நினைவுக்கு வராவிட்டால், அடுத்த முறை எங்கள் வெளிக்கள உத்தியோகத்தர் வரும்போது இந்தப் பக்கத்தை மட்டும் காட்டுங்கள். விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. அந்த இலக்கத்தை உங்களோடு சேர்ந்து தேடுவார்.